இங்கிலீஷ் ஓப்பனிங்கில் ஆடிய சொந்த ஆட்டங்களை அலசுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சதுரங்கத்தில் முதல் நகர்த்தலாக சி4 ஆடும், அதாவது இங்கிலீஷ் ஓப்பனிங் ஆடும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் பலர், ஆட்டம் முடிந்த உடனே இன்ஜினை (நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி நிரலை) திறந்து, சிவப்புக் குறி விழுந்த நகர்த்தல்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இ4 ஆடித் தொடங்கும் கூர்மையான ஆட்டங்களில் இந்தப் பழக்கம் ஓரளவு பயன் தரும். அங்கே தவறு பெரும்பாலும் ஒரே நகர்த்தலில் நேர்ந்து, அடுத்த சில நகர்த்தல்களுக்குள் அதற்கான விலையும் வெளிப்பட்டுவிடும். பக்கவாட்டு ஓப்பனிங்குகளின் இயல்பு வேறு. மையத்தைச் சிப்பாய்களால் உடனே பிடிக்காமல், பக்கத்திலிருந்து காய்களால் அழுத்திக்கொண்டு, எதிராளி என்ன அமைப்பை எடுக்கிறார் என்று பார்த்த பிறகே மையத்தைத் தீர்மானிப்பதால், தோற்ற ஆட்டத்தில்கூட "இதுதான் தவறு" என்று விரல் வைத்துக் காட்டத்தக்க நகர்த்தல் ஒன்று கிடைக்காமல் போகலாம்.

ஆகவே இத்தகைய ஆட்டங்களை நகர்த்தல் நகர்த்தலாக அலசுவதைவிட, சிப்பாய் அமைப்பை அடிப்படையாக வைத்து அலச வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. எந்த அமைப்பு உருவானது, மையம் எந்த நகர்த்தலில் முடிவானது, அந்த அமைப்புக்கு உரிய திட்டத்தை ஆடினோமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிய பிறகுதான் இன்ஜினுக்கு வேலை. பக்கவாட்டு ஓப்பனிங்குகளில் மிகப் பரவலானதும், ஆங்கிலேயரான ஹோவர்டு ஸ்டான்டன் 1843-இல் பாரிஸில் செயின்ட் அமாண்டுக்கு எதிரான போட்டியில் ஆடியதால் இங்கிலீஷ் என்று பெயர் பெற்றதுமான 1. சி4-ஐயே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1. குதிரை எஃப்3 எனத் தொடங்கும் ரெட்டி ஓப்பனிங் ஆடுபவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

குறியீடு பற்றி ஒரு சொல்: கட்டங்களை ஏ1 முதல் எச்8 வரை எழுதியிருக்கிறேன். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் நகர்த்தல். × என்பது வெட்டு.

முதல் படி: இன்ஜின் இல்லாமல் நினைவைப் பதிவு செய்தல்

ஆட்டம் முடிந்த அன்றே, இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பார்த்து, ஆடும்போது மனத்தில் ஓடியதை அப்படியே எழுதிவிட வேண்டும். எந்த நகர்த்தலை ஆட நினைத்துக் கைவிட்டீர்கள், எதிராளியின் எந்த நகர்த்தல் எதிர்பாராததாக இருந்தது, எந்த இடத்தில் நிலை பிடிக்கவில்லை என்று தோன்றியது என்பவைதான் இங்கே முக்கியம். இன்ஜினின் மதிப்பீட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த நினைவுகள் கலங்கிவிடும். நமக்கு முன்பே தெரிந்தது போல எழுதத் தொடங்கிவிடுவோம்.

கடிகார நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஆடிய ஆட்டமாக இருந்தால், பதிவிறக்கும் கோப்பிலேயே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மீதமிருந்த நேரம் பெரும்பாலும் இருக்கும். நேர் ஆட்டத்தில் ஆட்டத்தாளின் ஓரத்தில் ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை குறித்தாலே போதும். மிரட்டலும் வெட்டும் இல்லாத அமைதியான நிலையில் எட்டு நிமிடம் யோசித்து யானையை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால், அங்கே கணக்கிடுவதற்கு எதுவும் இருந்திருக்காது. திட்டம் இல்லாததால்தான் அவ்வளவு நேரம் போயிருக்கும். சி4 ஆட்டங்களில் இப்படிப்பட்ட இடங்கள் 10-ஆவது நகர்த்தலுக்கும் 16-ஆவது நகர்த்தலுக்கும் இடையில் அடிக்கடி வரும். அலசலில் முதலில் கவனிக்க வேண்டிய இடங்களும் அவையே.

இரண்டாம் படி: உண்மையில் எந்த ஓப்பனிங் ஆடப்பட்டது என்று கண்டறிதல்

சி4-இல் தொடங்கிய ஆட்டம் இங்கிலீஷாகவே முடிய வேண்டியதில்லை. 1972-இல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தில் ஃபிஷர் சி4 ஆடித் தொடங்கினார். ஆனால் சில நகர்த்தல்களில் அது ராணி காம்பிட் மறுப்பின் டார்ட்டகோவர் வகையாக மாறிவிட்டது. அந்த ஆட்டத்தை இங்கிலீஷ் ஓப்பனிங் என்று கோப்பில் போட்டு வைத்தால், அதிலிருந்து கற்க வேண்டியது எதுவும் சரியான இடத்தில் சேராது. நம் ஆட்டங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். கறுப்பு இ6, டி5 என்று வைத்து, வெள்ளை டி4 ஆடிவிட்டால், இனி அது ராணி காம்பிட்டோ கேட்டலனோதான். கறுப்பு ஜி6, டி6 அமைத்து வெள்ளை டி4, இ4 இரண்டையும் ஆடினால் அது கிங்ஸ் இந்தியன். ஓப்பனிங்குகளை வகைப்படுத்தும் குறியீட்டு முறையில் இங்கிலீஷுக்கு ஏ10 முதல் ஏ39 வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் காட்டும் குறியீடு இந்த எல்லையைத் தாண்டியிருந்தால், அந்தப் புது ஓப்பனிங்கின் கண்ணோடுதான் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லைக்குள்ளேயே இருந்தாலும், குறியீட்டைவிடச் சிப்பாய்கள் நிற்கும் விதமே கூடுதலாகப் பேசும். பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் பெரும்பாலான இங்கிலீஷ் ஆட்டங்கள் ஐந்து அமைப்புகளுக்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

கறுப்பு இ5, டி5 இரண்டையும் ஆடி, சி4 சிப்பாயும் டி5 சிப்பாயும் மாற்றிக்கொள்ளப்பட்டால் அது தலைகீழ் சிசிலியன். வெள்ளைக்குப் பாதி திறந்த (தன் சிப்பாய் இல்லாத) சி வரிசை கிடைக்கும். ஏ3, பி4 என்று முன்னேறி, சி6 குதிரையைத் துரத்தி, இ5-ஐயும் சி5 கட்டத்தையும் குறிவைப்பதே இயல்பான திட்டம். சிசிலியனில் (1. இ4 சி5 எனத் தொடங்கும் தற்காப்பில்) கறுப்பு செய்வதை இங்கே வெள்ளை ஒரு நகர்த்தல் கூடுதலாக வைத்துக்கொண்டு செய்கிறது. ஆனால் இதனால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று எண்ணுவது தவறு. ஒரு நகர்த்தல் பின்தங்கியிருப்பது தெரிந்தே கறுப்பு, ராஜாவின் பக்கம் பாய்ந்து தாக்கும் வகைகளைத் தவிர்த்து நிதானமான வகைகளைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே சிசிலியனில் கற்ற எதிர்த்தாக்குதல்களை அப்படியே எடுத்துவந்து பொருத்த முடியாது.

கறுப்பு இ5, டி6, ஜி6, எஃப்5 என்று அமைத்தால் மூடிய அமைப்பு. இது ஒரு பந்தயம். வெள்ளை யானை பி1, பி4, பி5 என்று ராணிப் பக்கத்தில் நகர, கறுப்பு எஃப்4, ஜி5 என்று ராஜாவின் பக்கம் வருகிறது. இந்த அமைப்பில் தோற்ற ஆட்டங்களை அலசும்போது, வெள்ளை எத்தனை நகர்த்தல்களைத் தன் பக்கத்துக்குச் செலவிட்டது, எத்தனையைப் பயத்தினால் செலவிட்டது என்று எண்ணிப் பார்ப்பது மிகவும் பயன்படும். தேவையான தற்காப்பும் இருக்கும். தேவையற்ற தற்காப்பும் இருக்கும். எண்ணிப் பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கறுப்பு சி5 ஆடினால் சமச்சீர் அமைப்பு. இங்கே டி4-ஐயோ பி4-ஐயோ (கறுப்புக்கு டி5, பி5) முதலில் முழுமைப்படுத்துபவர் யார் என்பதே கேள்வி. டி4 ஆடி, டி4-இல் பரிமாற்றம் நடந்து, வெள்ளை சி4, இ4 என்று வைக்க, கறுப்பு ஏ6, பி6, டி6, இ6 என்று தன் மூன்றாம் வரியில் பதுங்கினால் அது முள்ளம்பன்றி அமைப்பு. அங்கே கறுப்பின் இரண்டு விடுதலை நகர்த்தல்களான பி5, டி5 ஆகியவற்றை ஒவ்வொரு நகர்த்தலிலும் வெள்ளை கணக்கில் வைத்திருந்ததா என்பதே அலசலின் முதன்மைக் கேள்வி. கடைசியாக, வெள்ளை சி4, டி3, இ4 சிப்பாய்களோடு குதிரையை இ2-இல் வைக்கும் பாட்வின்னிக் அமைப்பு. இதைப் பற்றிக் கீழே விரிவாக வரும்.

மூன்றாம் படி: மையம் முடிவான நகர்த்தலைக் கண்டுபிடித்தல்

அலசலின் மையப் பகுதி இது. ஆட்டத்தை நகர்த்திப் பார்த்து, டி, இ வரிசைகளில் ஒரு சிப்பாய் முன்னேறிய, வெட்டப்பட்ட, அல்லது இனி நகர முடியாதபடி அடைபட்ட ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு இடங்கள் கிடைக்கும். ஒவ்வோர் இடத்திலும் நின்று, இந்த நகர்த்தலுக்குப் பிறகு எந்தக் கட்டத்தை இனி என் சிப்பாயால் காக்க முடியாது, எந்த வரிசை திறந்தது, என் ஜி2 பிஷப்பின் மூலைவிட்டம் நீண்டதா குறுகியதா என்று எழுதுங்கள். இந்த மூன்று வாக்கியங்களை இன்ஜின் எழுதித் தராது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். 1. சி4 இ5, 2. குதிரை சி3 குதிரை எஃப்6, 3. ஜி3 டி5, 4. சி×டி5 குதிரை×டி5, 5. பிஷப் ஜி2 குதிரை பி6, 6. குதிரை எஃப்3 குதிரை சி6, 7. கேஸ்லிங் பிஷப் இ7, 8. டி3 கேஸ்லிங், 9. ஏ3 பிஷப் இ6. இது தலைகீழ் சிசிலியனின் மிகவும் அறியப்பட்ட நிலை. இங்கே வெள்ளையின் இயல்பான நகர்த்தல் 10. பி4. அதன் பின்னால் ஒரு தெளிவான மிரட்டல் இருக்கிறது: பி5 ஆடினால் சி6 குதிரை நகர வேண்டும், அது நகர்ந்தால் இ5 சிப்பாய்க்குக் காவல் இல்லை. அதனால்தான் கறுப்பு பல ஆட்டங்களில் எஃப்6 ஆடி இ5-ஐத் தாங்கிக்கொள்கிறது.

இந்த நிலையில் வெள்ளை 10. இ4 ஆடியதாக வைத்துக்கொள்வோம். ஆடியவர் தன் குறிப்பில், "மையத்தில் இடம் பிடிக்கலாம், இ4-க்கு எதிராளியின் சிப்பாய் வராமல் தடுக்கலாம்" என்று எழுதியிருப்பார். காய் எதுவும் இழக்கப்படவில்லை. மென்பொருளின் அறிக்கை இதைப் பெருந்தவறு என்று குறிக்காமலும் போகலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டி4 கட்டத்தை இனி வெள்ளையின் எந்தச் சிப்பாயாலும் காக்க முடியாது. சி சிப்பாய் போய்விட்டது, இ சிப்பாய் கடந்துவிட்டது. டி வரிசையில் கறுப்பின் சிப்பாய் இல்லாததால், டி3 சிப்பாய் பின்தங்கியதாகி, ராணி டி7, யானை டி8 என்ற எளிய நகர்த்தல்களுக்கு நிலையான இலக்காகிறது. ஜி2 பிஷப்பின் வழியை வெள்ளையே அடைத்துக்கொண்டது. கறுப்புக் குதிரை உடனே டி4-க்குத் தாவினால் இ5 காவலற்றுப் போகும். எனவே கறுப்பு முதலில் எஃப்6 ஆடிவிட்டு, பிறகு அவசரமில்லாமல் அந்தக் கட்டத்துக்கு வரும். அவசரமில்லாமல் வர முடிகிறது என்பதிலேயே 10. இ4-இன் முழு விலையும் இருக்கிறது.

இப்போது பாட்வின்னிக் அமைப்போடு இதை ஒப்பிடுங்கள். அங்கேயும் வெள்ளை டி3, இ4 ஆடுகிறது. அங்கேயும் டி4 கட்டம் ஓட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சி4 சிப்பாய் இன்னும் இடத்தில் இருப்பதால் டி5 வெள்ளையின் பிடியில் இருக்கிறது; கறுப்பின் சிப்பாய் டி6-இல் நிற்பதால் டி3-ஐ நேர் வரிசையில் தாக்கவும் முடியாது. ஓட்டைக்கு ஈடாக, எஃப்4 அல்லது பி4 என்று முன்னேறும் வழி வெள்ளைக்குக் கிடைக்கிறது. ஒரே இ4, ஓர் அமைப்பில் முழுத் திட்டத்தின் அச்சாகவும், இன்னோர் அமைப்பில் நிரந்தரச் சேதமாகவும் இருக்கிறது. தன் ஆட்டங்களில் இ4 ஆடிய இடங்களை எல்லாம் எடுத்து, சி சிப்பாய் இருந்ததா, கறுப்பின் டி சிப்பாய் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்ப்பவர், இங்கிலீஷ் ஓப்பனிங்கைப் பற்றி நீண்ட வகைப்பட்டியல்களை மனப்பாடம் செய்பவரைவிட அதிகம் கற்றுக்கொள்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான்காம் படி: இரு தரப்பின் திட்டத்தையும் எழுத்தில் வைத்தல்

குறித்த இடங்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்து, வெள்ளைக்கு ஒரு வாக்கியம், கறுப்புக்கு ஒரு வாக்கியம் எனத் திட்டத்தை எழுதுங்கள். "காய்களை நன்றாக வைக்க வேண்டும்" என்பது திட்டமாகாது. "யானையை சி1-க்குக் கொண்டுவந்து, குதிரையை இ4 வழியாக சி5-க்கு அனுப்பி, இ6 பிஷப்பை வெட்டக் கேட்க வேண்டும்" என்று கட்டங்களின் பெயரோடு எழுதினால்தான் பின்னால் சரிபார்க்க முடியும். எதிராளியின் திட்டத்தையும் அதே துல்லியத்தோடு எழுதுவது கடினமாக இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் நம் அறிவின் எல்லை தெரியவரும்.

ஆட்டத்தில் உங்களோடு ஆடியவர் இணங்கினால், அவருடைய எண்ணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் அஞ்சிய மிரட்டலை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அவர் அஞ்சியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்ஜினிடம் கிடைக்காத செய்தி இது.

ஐந்தாம் படி: இப்போது இன்ஜின்

ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. லிச்செஸ் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் கட்டணமின்றி முழு ஆட்டத்துக்கும் கணினி அறிக்கை பெறலாம். வலிமையில் குறை சொல்ல எதுவுமில்லை. பக்கவாட்டு ஓப்பனிங்குகளில் சிக்கல் எல்லாம் அந்த அறிக்கையைப் படிக்கும் முறையில்தான்.

தனித்தனி நகர்த்தலுக்கான குறிகளை விட்டுவிட்டு, மதிப்பீட்டுக் கோட்டை ஒரு நீண்ட சரிவாகப் பாருங்கள். 10-ஆவது நகர்த்தலில் வெள்ளைக்கு +0.4 (ஒரு சிப்பாயின் மதிப்பு 1) என்றிருந்த நிலை, 22-ஆவது நகர்த்தலில் -0.8 ஆகியிருக்கிறது, இடையில் எந்த நகர்த்தலும் 0.2-க்கு மேல் இழக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். தானியங்கி அறிக்கை இந்தப் பகுதியைக் குற்றமில்லாதது என்று விட்டுவிடக்கூடும். ஆனால் ஆட்டம் தோற்றது இங்கேதான்; 23-ஆவது நகர்த்தலில் விழுந்த சிவப்புக் குறி, ஏற்கெனவே நெருக்கடியான நிலையில் விளைந்த ஒன்று. ஆகவே பத்து நகர்த்தல் இடைவெளியில் அரைச் சிப்பாய்க்கு மேல் நழுவிய பகுதிகளைத் தனியாக எடுத்து, அந்தச் சரிவு தொடங்கிய இடம் நீங்கள் மூன்றாம் படியில் குறித்த இடத்தோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். பொருந்தினால் உங்கள் நிலையறிவு வளர்கிறது. பொருந்தாவிட்டால், நீங்கள் கவனிக்கத் தவறிய அமைப்பு மாற்றம் ஒன்று அங்கே இருக்கிறது.

ஒரே நிலையில் இன்ஜினின் முதல் மூன்று தேர்வுகளையும் காட்டச் செய்யுங்கள். பக்கவாட்டு ஓப்பனிங்கின் அமைதியான நிலைகளில் மூன்றும் ஒன்றுக்கொன்று 0.1-க்குள் இருப்பது வழக்கம். அப்படியிருந்தால் முதல் தேர்வை மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. மூன்றுக்கும் பொதுவான எண்ணம் என்ன என்று தேடுங்கள். மூன்றும் பி4-ஐ நோக்கியே போகின்றன என்றால் அதுவே பாடம். முதல் தேர்வுக்கும் இரண்டாவதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், நிலை அமைதியாகத் தெரிந்தாலும் அதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். 1. சி4 இ5, 2. குதிரை சி3 குதிரை சி6, 3. குதிரை எஃப்3 பிஷப் சி5 என்ற நிலையில் 4. குதிரை×இ5 அப்படிப்பட்டது: கறுப்புக் குதிரை இ5-இல் வெட்டினால் 5. டி4 குதிரையையும் பிஷப்பையும் ஒருசேரத் தாக்கி, காயை மீட்டு, மையத்தையும் வெள்ளைக்குத் தந்துவிடும்.

இன்ஜின் சொல்லும் ஒரு நகர்த்தலின் காரணம் புரியாவிட்டால், அதை ஏற்றுக்கொண்டு கடந்துவிடாதீர்கள். நீங்கள் ஆட விரும்பிய நகர்த்தலைப் பலகையில் வைத்து, எதிர்த்தரப்புக்கு இன்ஜினின் பதிலை ஆடி, பின்னும் உங்கள் விருப்ப நகர்த்தலை ஆடி, இப்படி ஆறேழு நகர்த்தல்கள் வாதாடுங்கள். நிலை உடையும் இடத்தில் காரணம் கண்ணுக்குத் தெரியும். எதிராளியின் மிரட்டலைக் காட்டும் வசதி மென்பொருளில் இருந்தால், ஏ3, எச்3 போன்ற சிறு நகர்த்தல்களின் பயனைப் புரிந்துகொள்ள அது பெரிதும் உதவும்.

ஆறாம் படி: வல்லுநர் ஆட்டங்களோடு ஒப்பிடுதல்

தரவுதளத்தில் தேடும்போது நகர்த்தல் வரிசையை வைத்துத் தேடாமல் நிலையை வைத்துத் தேடுங்கள். 1. சி4, 1. குதிரை எஃப்3, 1. ஜி3 என்ற மூன்று தொடக்கங்களிலிருந்தும் ஒரே நிலைக்கு வந்து சேரலாம் என்பதால், வரிசையை வைத்துத் தேடுபவர் பாதி ஆட்டங்களைத் தவறவிடுவார். உங்கள் ஆட்டம் வழக்கமான ஆட்டங்களிலிருந்து விலகிய முதல் நகர்த்தலைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு நகர்த்தலை மட்டும் கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் இன்னொன்று சேரும்.

அதைவிடப் பயனுள்ளது, அதே சிப்பாய் அமைப்பில் ஆடப்பட்ட இரண்டு மூன்று முழு ஆட்டங்களை இறுதிவரை நகர்த்திப் பார்ப்பது. 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் மோதிய உலக சாம்பியன்ஷிப் போட்டியின் 4-ஆவது ஆட்டம் தலைகீழ் சிசிலியன்தான். கருவானா அதில் குதிரையை பி6-க்குப் பின்வாங்காமல் பிஷப்பை சி5-இல் வைத்தார். சமநிலையில் முடிந்த ஆட்டம் என்று ஒதுக்காமல், கறுப்பு எந்தக் கட்டங்களை விட்டுக்கொடுக்க மறுத்தது என்று பார்க்க அது நல்ல ஆட்டம். பொறுமையான அழுத்தத்துக்கு, 1987-இல் செவில்லேயில் கார்போவுக்கு எதிராகக் காஸ்பரோவ் வென்ற 24-ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். பட்டத்தைத் தக்கவைக்க வெற்றி தேவைப்பட்ட கடைசி ஆட்டத்தில் அவர் தேர்ந்தது சி4-ஐ. காய்களை அவசரமாக மாற்றிக்கொள்ளாமல் பலகையில் வைத்துக்கொண்டு, கார்போவின் நேரமும் நிலையும் சுருங்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

இறுதியாட்டம் வரை போன ஆட்டங்களில், அந்த இறுதியாட்டத்தின் சிப்பாய்க் குறை எந்த நகர்த்தலில் பிறந்தது என்று பின்னோக்கித் தேடினால் போதும். இறுதியாட்ட நுட்பத்தைத் தனியாகப் படிப்பதே நல்லது.

ஏழாம் படி: குறிப்பேடும் மறு ஆட்டமும்

அலசலை நகர்த்தல் வரிசைப்படி சேமிக்காமல் அமைப்பின் பெயரில் சேமியுங்கள். தலைகீழ் சிசிலியனுக்கு ஒரு கோப்பு, மூடிய அமைப்புக்கு ஒரு கோப்பு என்று வைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மையம் முடிவான நிலை, உங்கள் திட்டம், சரியான திட்டம் என்ற மூன்று வரிகளை மட்டும் எழுதுங்கள். நீளமான உரை மறுபடி படிக்கப்படாது. லிச்செஸின் ஆய்வுப் பகுதியில் ஒவ்வொரு நிலையையும் ஓர் அத்தியாயமாக வைக்கலாம். தாளில் எழுதுபவருக்குத் தாளே போதும்.

பிறகு அந்த நிலையைப் பலகையில் வைத்து, உங்களுக்கு நிகரான ஒருவரோடு, அல்லது வலிமை குறைத்த இன்ஜினோடு, பத்துப் பதினைந்து நிமிட ஆட்டமாக இரு பக்கமும் மாறி மாறி ஆடுங்கள். கறுப்பாக ஆடி டி3 சிப்பாயைத் தாக்கிப் பார்த்தவர், அடுத்த முறை வெள்ளையாக 10. இ4-ஐ நினைக்கும்போதே தயங்குவார். படித்த பாடம் இப்படித்தான் கைக்குப் பழகும்.

சில தோல்விகளுக்குப் பிறகு ஓப்பனிங்கையே மாற்றிவிடலாமா என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அதற்கு விடை இந்தக் கோப்புகளில் இருக்கும். தோல்விகள் எல்லாம் ஒரே அமைப்பில் குவிந்திருந்தால், சி4-ஐ விட வேண்டியதில்லை. அந்த அமைப்புக்குப் போகும் கிளையை மட்டும் மாற்றினால் போதும். எடுத்துக்காட்டாக, மூடிய அமைப்பின் பந்தயத்தில் தொடர்ந்து பின்தங்குபவர், குதிரையை எஃப்3-இல் வைத்து டி4-ஐ விரைவாக ஆடி மையத்தைத் திறக்கும் வகையைத் தேர்ந்துகொள்ளலாம். தோல்விகள் எல்லா அமைப்புகளிலும் சிதறிக் கிடந்து, சரிவு ஒவ்வொரு முறையும் நடு ஆட்டத்தின் தந்திரங்களில் மட்டுமே தொடங்கியிருந்தால், எந்த ஓப்பனிங்குக்கு மாறினாலும் அதே தந்திரங்கள் அங்கேயும் வந்து நிற்கும். அப்படிப்பட்டவர் சில மாதங்களுக்கு ஓப்பனிங் கோப்பை மூடிவைத்துவிட்டு, தினமும் தந்திரப் புதிர்களைப் போட்டுப் பழகுவதே தகும்.